திரையில் சரியாக இருக்கும் ஸ்கோர், ஜெராக்ஸ் கடையில் ஏன் உடைகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக நான்கு குரல் பாட்டு ஒன்றைத் தமிழ் வரிகளோடு மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் ஸ்கோராக, அதாவது இசைத்தாளாக, அடித்திருக்கிறீர்கள். வீட்டுக் கணினியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கடையில் பிரிண்ட் எடுத்தால் சில அசைகளில் புள்ளிகளாலான வட்டம் ஒன்று வருகிறது, நோட்டுகள் உட்காரும் ஐந்து ஸ்டாஃப் கோடுகள் மங்கிப்போகின்றன. மடித்த புத்தகமாக எடுத்ததில் பின்வரிசையில் தாழ்குரல் பாடும் பாஸ்காரர்களால் வரிகளைப் படிக்கவே முடியவில்லை. போதாததற்கு, நண்பர் ஒருவர் ஃபினாலே என்ற வேறோர் இசை மென்பொருளில் எடுத்துக் கொடுத்த பழைய பிடிஎஃபில், ஸ்டாஃபின் தொடக்கத்தில் கிளெஃப் குறி இருக்க வேண்டிய இடத்தில் & என்று நிற்கிறது. எதை முதலில் பார்ப்பது?

முதலில் பார்க்க வேண்டியது, கோளாறு எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை. ஸ்கோர் கோப்பு, அதிலிருந்து எடுத்த பிடிஎஃப், பிரிண்டர் என்று மூன்று இடங்கள்தான் இருக்கின்றன. இது தெரியாமல் மியூஸ்ஸ்கோருக்குள் ஒவ்வொரு அமைப்பாக மாற்றிப் பார்த்தால் ராத்திரி முழுக்கப் போய்விடும். எளிய சோதனை ஒன்று உண்டு. 'எக்ஸ்போர்ட்' வழியாகப் பிடிஎஃப் எடுத்து, உங்கள் கைபேசிக்கு அனுப்பி, அதில் திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் நிறுவியிருக்கும் எழுத்துருக்கள் கைபேசியில் கிடையாது. அங்கேயும் எல்லாம் சரியாகத் தெரிந்தால் பிடிஎஃபில் குற்றமில்லை, கடையில் பிரிண்ட் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். கைபேசியிலேயே உடைந்திருந்தால் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, கோப்பைத் திருத்த வேண்டும்.

பிடிஎஃப் எடுக்கும்போது 'பிரிண்ட்' போய் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' தேர்ந்தெடுக்க வேண்டாம். மென்பொருளின் சொந்த எக்ஸ்போர்ட்டையே பயன்படுத்துங்கள். கடைக்கு வாட்ஸாப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். ஸ்க்ரீன்ஷாட்டாகவோ படமாகவோ அனுப்பினால் வாட்ஸாப் அதைச் சுருக்கிவிடும். அப்போது முதலில் பலியாவது ஐந்து மெல்லிய கோடுகள்தான்.

அந்த & விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஃபினாலேயின் மேஸ்ட்ரோ, சிபீலியஸ் மென்பொருளின் ஓபஸ் போன்ற பழைய இசை எழுத்துருக்களில் இசைக் குறிகளை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் உட்கார வேண்டிய இடங்களிலேயே வைத்திருந்தார்கள். ட்ரெபிள் கிளெஃப் & இருக்கும் இடத்தில், பாஸ் கிளெஃப் ? இருக்கும் இடத்தில். பிடிஎஃபுக்குள் எழுத்துரு பொதிந்து வரவில்லை என்றால், திறக்கும் கணினி வேறோர் எழுத்துருவை எடுத்துப் போடும், உள்ளே இருந்த & வெளியே வந்துவிடும். 2013இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் ஸ்மஃபெல் என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்த பிறகு இசைக் குறிகளுக்குத் தனி இடம் கிடைத்தது. மியூஸ்ஸ்கோரின் லேலண்ட், டோரிகோ மென்பொருளின் பிராவுரா இரண்டும் அந்த வகை. ஆகவே இதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்: & அல்லது ? வந்தால் பழைய வகை எழுத்துரு காணாமல் போயிருக்கிறது, வெறும் கட்டங்கள் வந்தால் பெரும்பாலும் புதிய வகை. அக்ரோபாட் ரீடரில் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'ஃபான்ட்ஸ்' பக்கத்தைப் பார்த்தால், பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். இல்லாத எழுத்துருதான் குற்றவாளி. அந்தப் பிடிஎஃபை நீங்கள் திருத்த முடியாது. கோப்பு வைத்திருப்பவரிடம் சொல்லி, எழுத்துரு பொதிந்த பிடிஎஃபாக மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

எழுத்துரு பொதிந்திருந்தும் கடையில் மட்டும் நோட்டுத் தலைகள் விடுபடுகின்றன என்றால், பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு எழுத்துருவை மாற்றுகிறது என்று அர்த்தம். அக்ரோபாட் ரீடரின் பிரிண்ட் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' போய் 'பிரிண்ட் அஸ் இமேஜ்' டிக் போட்டால் சரியாகும். கொஞ்சம் மெதுவாக வரும். 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறைக்காமல் எடுங்கள்.

இனி தமிழ் வரிகளுக்கு வருவோம். உங்கள் தொந்தரவில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிக் குறிப்புகளில் இதைப் பற்றி அநேகமாக ஒன்றும் இருக்காது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மியூஸ்ஸ்கோரின் இயல்பான உரை எழுத்துரு எட்வின். அதில் தமிழ் கிடையாது. நீங்கள் தமிழில் அடித்ததும் கணினி சத்தமில்லாமல் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடுகிறது. விண்டோஸில் அது நிர்மலாவாக இருக்கலாம், லினக்ஸில் லோகித்தாகவோ நோட்டோவாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றின் அகலமும் வேறு. அதனால்தான் உங்கள் வீட்டில் நான்கு பக்கத்தில் முடிந்த பாட்டு, ஆர்கனிஸ்ட் தன் மடிக்கணினியில் அதே கோப்பைத் திறந்தால் ஐந்து பக்கமாகிறது. தீர்வு, எழுத்துருவை நீங்களே பெயர் சொல்லிக் குறிப்பிடுவது. 'ஃபார்மேட்', 'ஸ்டைல்', 'டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ்' போனால் வரிகளுக்கு இரண்டு பதிவுகள் இருக்கும்: 'லிரிக்ஸ் ஆட் லைன்ஸ்', 'லிரிக்ஸ் ஈவன் லைன்ஸ்'. முதல், மூன்றாம் சரணங்களுக்கு ஒன்று, இரண்டு, நான்காம் சரணங்களுக்கு மற்றொன்று. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டாம் சரணம் மட்டும் ஏன் வேறு மாதிரி வருகிறது என்று திண்டாடுவார்கள். இரண்டையும் மாற்றுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் இலவசம், சிறிய அளவிலும் புள்ளி தெளிவாக விழும். என் கைக்குப் பழகியது அதுதான். கோப்பைத் திறக்கப்போகும் எல்லாக் கணினிகளிலும் அதையே நிறுவிவிடுங்கள்.

அந்தப் புள்ளிகளாலான வட்டம் வருவது எழுத்துருவின் குற்றமல்ல, அடித்த முறையின் குற்றம். புள்ளியோ ெ, ா போன்ற துணைக்குறியோ தன் மெய்யெழுத்தைப் பிரிந்து தனியாக நின்றால், கணினி அதற்கு ஒரு பொய்யான வட்டத்தைத் தருகிறது. 'கெம்பீரம்' என்று அடிக்கும்போது தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் ெ முதலிலும் க பிறகும் அடித்தால் வட்டத்தோடு ெ, அதன் பக்கத்தில் தனியாக க என்று வரும். யூனிகோடில் கண்ணுக்கு முன்னால் தெரிகிற கொம்பும் சேமிப்பில் மெய்க்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இன்னொரு வழியிலும் இது நடக்கும்: எழுத்து முழுமையாவதற்குள் ஹைபன் தட்டிவிட்டால், மீதிக் குறி அடுத்த நோட்டுக்குப் போய் அங்கே வட்டத்தோடு உட்கார்ந்துகொள்ளும். அந்த இரண்டு அசைகளையும் முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள். பேக்ஸ்பேஸ் வைத்து ஒட்டுப்போட்டால் சில சமயம் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உள்ளே தங்கிவிடும்.

ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில், அடிப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. மியூஸ்ஸ்கோரில் ஸ்பேஸ் தட்டினால் அடுத்த நோட்டுக்குப் போக வேண்டும். ஆனால் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை அந்த ஸ்பேஸைச் சொல்லை முடிக்கத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், நோட்டு நகராது. தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு இந்தப் பிரச்சினை அநேகமாக வராது. பழகாதவர்கள் வரிகளை நோட்பேடில் அசை பிரித்து முதலில் அடித்து வைத்துக்கொள்ளலாம். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி, அசைக்கும் அசைக்கும் நடுவே ஹைபன். அதை மொத்தமாக காப்பி செய்து, முதல் நோட்டைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் எல் தட்டிவிட்டு, கண்ட்ரோல் வி தட்டத் தட்ட ஒவ்வோர் அசையாக விழுந்துகொண்டே போகும். நான்கு சரணப் பாட்டுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அசை பிரிப்பதில் என் கருத்து உறுதியானது. எந்த அசையையும் புள்ளி எழுத்தில் தொடங்காதீர்கள். 'கர்-த்தர்' என்று பிரித்தால் இரண்டாம் நோட்டில் நிற்கும் 'த்தர்' என்பதைப் பாடுபவர் கண் ஒரு கணம் தடுக்கும். 'கர்த்-தர்' என்று பிரித்தால் தடுக்காது. 'ஸ்தோத்-தி-ரம்' போல, சொல்லே புள்ளி எழுத்தில் தொடங்கினால் வேறு வழியில்லை. ஒரே உயிரைப் பல நோட்டுகளுக்கு இழுக்கும் இடத்தில், சொல் முடிந்திருந்தால் அடிக்கோட்டு விசையால் நீட்டிப்புக் கோடு போடுங்கள். சொல்லின் நடுவே என்றால் ஹைபன் போதும். 'ஆ ஆ ஆ' என்று ஒவ்வொரு நோட்டுக்கும் கீழே எழுதாதீர்கள். பாடுபவர் ஒவ்வொன்றையும் புதிதாக உச்சரிப்பார்.

தமிழ் அசைகள் ஆங்கிலத்தைவிட அகலம். 'தொழு-வோம்' என்பதன் கடைசி அசைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பாருங்கள். எட்டாம் நோட்டு நான்கு வரிசையாக வந்தால் வரிகள் நோட்டுகளை நெட்டித் தள்ளும். ஒரு வரிசைக்கு நான்கு பார் (தாளக் கட்டம்) வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வரும். இதற்குப் பலரும் எழுத்தைச் சிறிதாக்குகிறார்கள். அது தவறான வழி. ஸ்டைல் பெட்டியில் 'லிரிக்ஸ்' பகுதிக்குப் போய் பக்கத்துப் பக்கத்து அசைகளுக்கிடையே வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் வரிசைக்கு மூன்று பார் என்று ஒப்புக்கொண்டு, எண்டர் விசையால் நீங்களே சிஸ்டத்தை (சேர்ந்து பாடும் ஸ்டாஃப்களின் ஒரு வரிசையை) உடையுங்கள். சொற்றொடர் முடியும் இடத்தில் உடைத்தால் பாடுபவர் மூச்சு வாங்கும் இடமும் அதுவாகவே அமைந்துவிடும். பல சரணங்கள் அடுக்கி வரும்போது மேல்வரியின் 'கூ', 'மு' கீழே இறங்கி, அடுத்த வரியின் 'கீ', 'தி' மேலே ஏறி இரண்டும் முட்டிக்கொள்ளும். அதே பகுதியில் வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.

நண்பர் கொடுத்த ஃபினாலே கோப்பில் வரிகள் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகின்றனவா? அது பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்தது. பழைய இசை மென்பொருள்களில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி இல்லாததால், அந்தக் காலத்தில் பலர் அந்த வழியைத்தான் பிடித்தார்கள். பாமினி நிறுவினால் திரையில் சரியாகத் தெரியும். ஆனால் ஓர் இசை மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பைக் கொண்டுபோகும் மியூஸிக் எக்ஸ்எம்எல் வடிவத்தின் வழியாக மாற்றினால் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் வந்து சேரும். முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றியில் போட்டால் இசைக்கான குறியீடுகளும் சேர்ந்து குலைந்துவிடும். நோட்டுகளை மட்டும் மியூஸிக் எக்ஸ்எம்எல்லில் கொண்டுவந்து, வரிகளைப் புதிதாகவே அடித்துவிடுங்கள். மெனக்கெடல் என்று தோன்றினாலும், முடிவில் இதுவே குறைந்த நேரம்.

அடுத்து அளவு. உங்கள் பின்வரிசை பாஸ்காரர்கள் சொல்வது முழு நியாயம். மியூஸ்ஸ்கோரில் ஸ்டாஃபின் இயல்பான உயரம், மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரை, 7 மில்லிமீட்டர். வரிகள் 10 பாயின்ட். நீங்கள் ஏ4 பக்கமாக அமைத்ததைக் கடைக்காரர் ஒரு ஏ4 தாளில் இரண்டு பக்கமாகப் போட்டு மடித்துக் கொடுத்திருக்கிறார். அப்போது எல்லாமே 71 சதவீதமாகச் சுருங்கும். ஸ்டாஃப் 5 மில்லிமீட்டர், வரிகள் 7 பாயின்ட். ஆங்கிலத்தை 7 பாயின்டில் எப்படியோ படித்துவிடலாம், தமிழை முடியாது. அந்த அளவில் முதலில் மறைவது புள்ளி. ஜெராக்ஸின் ஜெராக்ஸில் 'க்' எல்லாம் 'க' ஆகிவிடும், பாடுபவர் ஊகித்துப் பாட வேண்டியதாகும்.

மடித்த புத்தகம்தான் வேண்டும் என்றால் மியூஸ்ஸ்கோரிலேயே பக்க அளவை ஏ5 ஆக்குங்கள். ஸ்டாஃப் இடைவெளியை, அதாவது இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ளதை, 1.4 மில்லிமீட்டர் வையுங்கள், ஸ்டாஃப் 5.6 வரும். பிறகு வரிகளின் டெக்ஸ்ட் ஸ்டைலில் 'ஃபாலோ ஸ்டாஃப் சைஸ்' டிக்கை எடுத்துவிட்டு 10 பாயின்ட்டாகவே விடுங்கள். பக்கங்கள் கூடும், கூடட்டும். மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். பத்துப் பக்கம் வந்தால் இரண்டு வெற்றுப் பக்கம் சேர்த்துப் பன்னிரண்டாக்குங்கள். ஒரு வெற்றுப் பக்கத்தை முன்னால் அட்டையாக விட்டால் பாட்டு இடப்பக்கத்தில் தொடங்கி விரிந்த தாளில் ஓடும். அக்ரோபாட் ரீடரின் 'புக்லெட்' வசதியில் இரண்டு பக்கமும் அடிக்கச் சொல்லி, 'ஷார்ட் எட்ஜ்' பக்கம் திருப்பச் சொல்லுங்கள். 'லாங் எட்ஜ்' போட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். புக்லெட் வசதியே பிரிண்டரின் ஓரத்துக்காக ஒரு துளி சுருக்கும், அது பரவாயில்லை. செலவு செய்ய முடிந்தால் ஏ3 தாளில் அடித்து ஏ4 அளவுக்கு மடிப்பதுதான் கண்ணுக்கு நல்லது. நாற்பது வயது தாண்டியவர்கள் நிறைந்த கொயருக்கு நான் வேறெதையும் சிபாரிசு செய்யமாட்டேன்.

மடிக்காமல் எடுத்ததும் சிறியதாகவே வருகிறது என்றால், காரணம் 'ஃபிட்'. பிடிஎஃப் திறக்கும் மென்பொருள்களில் பல தாளுக்கு ஏற்பத் தாமே சுருக்கிவிடும். அக்ரோபாட்டில் 'ஆக்சுவல் சைஸ்', க்ரோமில் ஸ்கேல் என்ற இடத்தில் 'கஸ்டம்' 100 என்று வைக்க வேண்டும். சரிபார்க்க ஒரு ஸ்கேல் போதும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இரு பக்கமும் 15 மில்லிமீட்டர் மார்ஜின் என்றால், முதல் சிஸ்டத்தை விட்டு இரண்டாவது சிஸ்டத்தின் இடது கோடியிலிருந்து, குரல் பெயரையும் அடைப்பையும் சேர்த்து, வலது கோடி வரை 180 இருக்க வேண்டும். 175க்குப் பக்கத்தில் வந்தால் 97 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது. லெட்டர் அளவுப் பக்கத்தை ஏ4இல் 'ஃபிட்' செய்தாலும் ஏறத்தாழ இதே சதவீதம் சுருங்கும். லெட்டர் 216 மில்லிமீட்டர் அகலம், 279 உயரம். விண்டோஸில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் புதிய ஸ்கோர் லெட்டர் அளவில் திறப்பது உண்டு. நம் ஊர்க் கடைகளில் இருப்பது ஏ4, ஆகவே பக்க அமைப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மார்ஜினை 10 மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். ஓரம் வரை அடிக்க அந்த பிரிண்டர்களால் முடியாது. ஸ்பைரல் போடுவதாக இருந்தால் உட்பக்கம் 20 விடுங்கள்.

மங்கல் கோட்டுக்குக் காரணம் அநேகமாக டோனர் சேமிப்பு அமைப்பு. ஸ்டாஃப் கோட்டின் தடிமன் சுமார் 0.19 மில்லிமீட்டர்தான். 600 டிபிஐ பிரிண்டரில் அது நான்கைந்து புள்ளி அகலம், சுருக்கிவிட்டால் மூன்று. டோனர் சேமிப்பில் இயந்திரம் புள்ளிகளை விட்டுவிட்டு அடிக்கும்போது கோடு அறுந்து அறுந்து வரும். அதை நிறுத்தச் சொல்லுங்கள். நகல் எடுப்பதாக இருந்தால் இயந்திரத்தை 'டெக்ஸ்ட்' முறையில் வைக்கச் சொல்லுங்கள், 'போட்டோ' முறை கோட்டைச் சாம்பல் நிறப் பொட்டுகளாக்கிவிடும். முடிந்தால் நகலே வேண்டாம், எல்லாப் பிரதியும் பிடிஎஃபிலிருந்து நேராக வரட்டும். அப்படியும் மெலிவாக இருந்தால் ஸ்டைல் பெட்டியில் கோட்டுத் தடிமனை (அங்கே அது ஸ்டாஃப் இடைவெளியின் பங்காக இருக்கும்) 0.11இலிருந்து 0.13 ஆக்கலாம். திரையில் சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் தெரிவதைப் பார்த்து மட்டும் எதையும் மாற்றாதீர்கள். அது திரையின் குறை, 400 சதவீதம் பெரிதாக்கினால் மறைந்துவிடும். அக்ரோபாட்டில் 'என்ஹான்ஸ் தின் லைன்ஸ்' டிக்கை எடுத்தாலும் சரியாகும்.

சபையில் டிரம்பெட்டோ கிளாரினெட்டோ வாசிப்பவர் இருந்தால், அவர்கள் தாளை அடிப்பதற்கு முன் எல்லா வாத்தியத்தையும் அது உண்மையில் ஒலிக்கும் சுருதியில் காட்டும் 'கான்சர்ட் பிட்ச்' பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பி ஃப்ளாட் வாத்தியக்காரர் அதை அழுத்தியபடியே எடுத்த தாளை வாசித்தால் மொத்தக் குழுவுக்கும் ஒரு முழு சுருதி கீழே வாசிப்பார்.

கடைசியாக, அந்த ஃபினாலே கோப்புகள். 2024 ஆகஸ்டில் மேக்மியூசிக் நிறுவனம் ஃபினாலேயை நிறுத்திவிட்டது. இன்று ஓடும் பிரதிகள் அடுத்த விண்டோஸிலோ மேக்கிலோ ஓடும் என்று சொல்ல முடியாது. நண்பரிடம் இன்னும் திறக்கும் ஒரு பிரதி இருந்தால், இந்தப் பாட்டோடு நிறுத்தாமல், எக்ஸ்போர்ட் மெனுவில் முழு ஃபோல்டரையும் மியூஸிக் எக்ஸ்எம்எல்லாக மாற்றும் வசதியைப் பயன்படுத்தி எல்லாவற்றையும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒவ்வொரு பாட்டுக்கும் எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் ஒன்றும் வேண்டும். மியூஸிக் எக்ஸ்எம்எல்லில் சுருதியும் தாளமும் வந்துவிடும், பக்க அமைப்பு பாதிதான் வரும், பாமினி வரிகள் வராது. வரிகள் என்னவென்று பார்த்து அடிக்க அந்தப் பிடிஎஃபை விட்டால் வேறு மூலம் உங்களிடம் இருக்காது.